காதில் ஆடும் கொண்டலாத்தி

அன்புள்ள அக்கா,

சிறுவர் இதழ்களுக்குப் படம் வரைகிறேன். பறவைகள்தான் அதிகம். மையில் கோடு போட்டு நீர்வண்ணம் தீட்டுவது என் வழக்கம். கொஞ்ச நாளாக அந்தப் படங்களையே சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் தாளில் அச்செடுத்து, கம்மலும், உடையில் குத்திக்கொள்ளும் புரோச்சும் செய்துபார்க்கிறேன். ஓவனிலிருந்து எடுத்தால் நிறம் கறுத்திருக்கிறது. இறகுக் கோடுகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்கின்றன. மீன்கொத்தியின் அலகு ஒடிந்துவிடுகிறது. புரோச்சைக் குத்தினால் தலைகுப்புறச் சாய்கிறது. வீட்டில் ஒருவர், "வளையல் கடை வைக்கவா ஓவியம் படித்தாய்?" என்று கேட்டார். அது மனதில் தங்கிவிட்டது. நான் செய்வது இறக்கம்தானா?

ர.

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். அவர்களுக்குச் சோறு போட்டது பெரும்பாலும் பாத்திக் துணி (மெழுகு தடவிச் சாயமேற்றிய துணி) போன்ற கைவினைப் பொருட்களின் விற்பனைதான். தென்னிந்திய நவீன ஓவியத்தின் முக்கியமான பக்கங்கள் அந்தக் கைகளிலிருந்தே வந்தன. வீட்டில் அடுத்த முறை கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இனி உங்கள் பறவைகள். கலைப் படைப்புகளைச் சேகரித்த பெக்கி குகன்ஹைம் 1942-இல் நியூயார்க்கில் தன் கலைக்கூடத்தைத் திறந்த அன்று இரண்டு காதிலும் வேறு வேறு கம்மல் போட்டிருந்தார். ஒன்று இவ் தாங்கி என்ற ஓவியர் செய்தது: மிகச் சிறிய நிலக்காட்சி ஓவியம். இன்னொன்று அலெக்சாண்டர் கால்டர் என்ற சிற்பி செய்தது: கம்பியால் ஆன, அசைந்தாடும் உரு. நீங்கள் இப்போது போவது தாங்கியின் வழி. கால்டரின் வழியையும் பாருங்கள் என்பேன். அவர் கம்பியாலேயே முகங்களை வரைந்தவர். அதே கையால் ஏறக்குறைய 1,800 அணிகலன்கள் செய்தார். அவற்றில் கம்பிதான் கோடு. ஏற்கெனவே வரைந்த ஒரு படத்தைக் கொண்டுவந்து அதன்மேல் ஒட்டவில்லை.

தாங்கியின் வழியிலும் தவறில்லை. ஆனால் அவர் கம்மலுக்கென்றே, கம்மலின் அளவிலேயே வரைந்தார். நீங்கள் இதழுக்கு வரைந்ததைச் சுருக்குகிறீர்கள். சிக்கல் அங்கேதான். அந்தத் தாள் சுட்டபின் நீள அகலத்தில் பாதிக்கும் கீழே வந்துவிடும். பரப்பைக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. முழுத் தாளில் பரவியிருந்த மை அவ்வளவும் அந்தச் சின்ன இடத்துக்குள் நெருக்கி உட்காருகிறது, நிறம் கறுக்காமல் என்ன செய்யும்? நீர்வண்ணம் வெளிறிப்போனது போலத் தெரியும் அளவுக்கு நிறத்தைக் குறைத்து அச்செடுங்கள். இறகுக் கோடுகளில் முக்கால்வாசியை எடுத்துவிடுங்கள். கம்மலைப் பார்ப்பவர் இரண்டு மூன்று அடி தள்ளி நின்று பேசிக்கொண்டிருப்பவர். அவருக்கு முதலில் எட்டுவது வெளிவடிவம், அப்புறம் ஒன்றிரண்டு நிறம். அலகைக் கூராக வெட்டாதீர்கள். சுட்டபின் மெல்லிய முனைகள் எளிதில் உடையும். அலகு நெஞ்சை ஒட்டி மடங்கியிருக்கும் நிலையில் வரையுங்கள், அல்லது சுற்றிலும் கொஞ்சம் வெற்றிடம் விட்டு வெட்டுங்கள். வளையத்துக்கான துளையைச் சுடுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். அலுவலகத்தில் காகிதம் குத்தும் கருவியின் துளை சுருங்கியதும் அளவாக இருக்கும்.

ஓவியர்கள் பலர் கவனிக்காத ஒன்று: கம்மல் ஒரு ஜோடி. இரண்டு மீன்கொத்தியும் ஒரே பக்கம் பார்த்தால், ஒன்று அணிபவரின் முகத்தைப் பார்க்கும், மற்றது பிடரியைப் பார்க்கும். ஒன்றை இடவலம் மாற்றி அச்செடுங்கள். கம்மல் ஆடும், திரும்பும். அதனால் பின்பக்கமும் வரைய வேண்டிய பக்கம்தான். பறவையின் முதுகு அங்கே இருக்கட்டுமே! எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் இது. தாளில் வரையும்போது இப்படியொரு வாய்ப்பு நமக்குக் கிடைப்பதே இல்லை.

புரோச் சாய்வதற்குக் காரணம், ஊசியை நடுவில் ஒட்டியிருப்பீர்கள். எடையின் நடுப்புள்ளிக்கு மேலே, மேல் மூன்றில் ஒரு பாகத்தில் ஒட்டுங்கள். மெல்லிய பருத்திச் சட்டை அப்போதும் தொய்யும். புடவையின் தோள் மடிப்பில் துணி பல அடுக்காக இருப்பதால் நன்றாக நிற்கும். கொக்கியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். நிக்கல் கலந்த மலிவான கொக்கி பலருக்குக் காதில் அரிப்பும் புண்ணும் வரவைக்கும். வெள்ளியோ டைட்டானியமோ வாங்குங்கள். விலையில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கால்டர் வழிக்குக் கொண்டலாத்திப் பறவையை எடுங்கள். கொண்டை மடங்கியிருக்கும்போது அது பின்னால் நீண்டு, அலகு முன்னால் நீண்டு, ஒரே கோட்டில் தலை முழுவதும் வந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி போதும். பென்சிலைத் தொடாமல் நேராகக் கம்பியிலேயே வளைத்துப் பாருங்கள். வடிவம் வந்ததும் இரும்புப் பாளத்தின்மேல் வைத்துச் சுத்தியால் மெதுவாகத் தட்டுங்கள். தட்டத் தட்டக் கம்பி இறுகும், வளைத்தது வளைத்தபடி நிற்கும். கொண்டைப் பக்கம் அகலமாகவும் அலகுப் பக்கம் குறைவாகவும் தட்டினால் தூரிகைக் கோடு போலத் தடிப்பும் மெலிவும் கிடைக்கும். முனைகளை அரத்தால் ராவி, உப்புத்தாளில் தேய்த்துவிடுங்கள், தோலைக் கீறக்கூடாது.

செய்ததும் படம் எடுத்து அனுப்புங்கள். மேசைமேல் வைத்து எடுக்க வேண்டாம். யாராவது ஒருவர் காதில் போட்டு, பக்கவாட்டில் ஒன்றும் பின்னாலிருந்து ஒன்றும் எடுங்கள்.

அன்புடன்,
அக்கா