சூடு குறையாமலே இறுகுமா?

கேள்வி: சூடாக்கினால் பிளாஸ்டிக் இளகுகிறது. சூட்டை அப்படியே வைத்துக்கொண்டு அழுத்தத்தை மட்டும் ஏற்றினால்?

பதில்: இறுகிவிடும். பாலிஸ்டைரீனை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண அழுத்தத்தில் சுமார் 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் நெகிழும், கீழே கண்ணாடி போல விறைக்கும். 1000 வளிமண்டல அழுத்தம் கொடுத்தால் அந்த எல்லை ஏறக்குறைய 30 டிகிரி மேலே போய்விடும். அதாவது 110 டிகிரியில் நெகிழ்ந்து கிடந்தது, ஒரு டிகிரிகூடக் குளிராமல் விறைத்துவிடும். நெரிசல் பேருந்தில் திரும்பி நிற்க இடமில்லாத கதைதான்: சங்கிலி மூலக்கூறின் துண்டுகள் புரள இடைவெளி வேண்டும், அழுத்தம் அதைப் பறித்துவிடுகிறது.

பாடப்புத்தகம் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்ளும். எனக்கு அதில் திருப்தியில்லை. கனஅளவை மாறாமல் பிடித்துவைத்து வெப்பநிலையை மட்டும் குறைத்தாலும் மூலக்கூறுகள் மந்தமாகின்றன. ஆக, இடம் மட்டுமல்ல, பக்கத்து மூலக்கூறுகளின் பிடியைத் தாண்டிப் புரளத் தேவையான வெப்ப ஆற்றலும் முக்கியம். எது எவ்வளவு என்பது பொருளுக்குப் பொருள் மாறும். ஹைட்ரஜன் பிணைப்புகள் (மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும் பிணைப்புகள்) நிறைந்த கிளிசரினுக்கு அதே 1000 வளிமண்டலம் விறைக்கும் எல்லையை நாலைந்து டிகிரிதான் நகர்த்தும்.

இதனால் என்ன பயன் என்பீர்கள். பேரிங்கில் குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே சிக்கும் எண்ணெய், 10,000 வளிமண்டலம் வரைகூட நசுங்குகிறது. அந்தக் கணத்தில் அது கிட்டத்தட்ட திடப்பொருள். அதனால்தான் பிதுங்கி ஓடாமல் உலோகத்தை உலோகம் உரசவிடாமல் காக்கிறது.

அப்புறம், தண்ணீர் அடம்பிடிக்கும். குளிர்ந்த நீரை ஓரளவு அழுத்தினால் அதன் பிசுக்குமை (ஓட்டத்துக்குக் காட்டும் தடை) குறைகிறது. ஹைட்ரஜன் பிணைப்பு வலை குலைவதுதான் காரணம்.