எஸ்எஸ்பி-யில் "ராணுவ ஆட்சி" தலைப்பு வந்தால்?

கணியம்பாடி பக்கத்துத் தம்பி ஒருவர், ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்பி நேர்முகத்துக்குப் போகிறார். ஊரில் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் "பட்டாளத்து கையில் நாட்டைக் கொடுத்தால் ரெண்டே வருஷத்தில் சரியாகிவிடும்" என்கிறார்களாம், குழு விவாதத்தில் இது வந்தால் என்ன பேசுவது என்று கேட்கிறார்.

தம்பி, கிளம்புவதற்கு முன் நம் வேலூர்க் கோட்டைக்குள் ஒரு நடை போய் வாருங்கள். 1806-ல் சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதி கிராடாக், சிப்பாய்கள் நெற்றியில் சமயக்குறி இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று விதி போட்டார். மறுத்தவர்களில் இரண்டு பேருக்கு ஆளுக்கு 900 கசையடி. கவர்னர் பெண்டிங்க் அப்போதாவது தடுத்திருக்கலாம், தளபதி பக்கமே நின்றார். ஜூலை 10 விடிவதற்குள் கோட்டைக்குள் சிப்பாய்களின் துப்பாக்கி வெடித்தது. அடுத்த வருஷம் கம்பெனி கிராடாக், பெண்டிங்க் இரண்டு பேரையுமே திருப்பி அழைத்துக்கொண்டது. உடுப்பு விஷயம்தானே என்று விட்டாலும் ஆட்சியில் இருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதற்காக மந்திரி எல்லாவற்றிலும் கை வைக்கலாம் என்று அர்த்தமில்லை. 1959-ல் பாதுகாப்பு மந்திரி கிருஷ்ண மேனனோடு ஒத்துப்போக முடியாமல் தளபதி திம்மையா ராஜினாமா கடிதமே கொடுத்தார், நேரு பேசித்தான் திரும்பப் பெற வைத்தார். அந்த விரிசலைச் சரிசெய்யாமலே 1962 சீனப் போருக்குப் போனோம்.

நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டியது 1971, பாகிஸ்தானோடு நடந்த வங்கதேசப் போர். ஏப்ரலில் ராணுவத் தளபதி மானெக்‌ஷா, படை இன்னும் தயாராகவில்லை என்று இந்திராவிடம் நேராகவே சொன்னார், அவரும் ஏற்றுக்கொண்டார். சண்டை வேண்டுமா என்பது பிரதமரின் முடிவு, படை எப்போது தயார் என்பது தளபதி சொல்ல வேண்டியது. எதிர்ப்பக்கம் பாகிஸ்தானில் யாஹ்யா கான், ஜனாதிபதியும் அவரே, ராணுவத் தலைவரும் அவரே. அவரிடம் "முடியாது" என்று சொல்லும் இடத்தில் யார் இருந்தார்கள்? டிசம்பர் 16-ல் டாக்காவில் அவர் படை சரணடைந்தது.

இந்த உறவு இன்னும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. 2020-ல் முப்படைகளின் தலைமைத் தளபதி பதவி வந்தபோது, பாதுகாப்பு அமைச்சகத்துக்குள்ளேயே ஒரு துறை சீருடைக்காரர் பொறுப்பில் போனது. அதையும் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஊர்ப் பெரியவர்களை மட்டம் தட்டிப் பேசாதீர்கள். இருபது வருஷம் பனியில் நின்றுவிட்டு வந்தவரை, ஒரு கையெழுத்துக்காக மூன்று தடவை அலைய விட்டால் அவர் வேறு எப்படிப் பேசுவார்? அந்தக் கோபம் நியாயமானது என்று முதலில் ஒத்துக்கொண்டு, பிறகு 1971-க்கு வாருங்கள்.