மட்டக்களப்பில் கலைப்பீடத்தில் படிக்கிறேன். அபிவிருத்தித் தொடர்பாடல் பாடத்தைத் தெரிவு செய்யலாமா? வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்

எடுங்கள். மக்களின் வாழ்க்கை மேம்படத் தேவையான தகவலை அவர்களோடு பேசிப் பகிர்வது எப்படி என்று கற்பிக்கும் பாடம் இது. ஆனால் "இலகுவான பாடம், ஒப்படை எழுதினாலே புள்ளி கிடைக்கும்" என்று யாராவது சொன்னதை நம்பி எடுக்காதீர்கள்.

உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. நீங்கள் முதலாம் வருடம் முடித்தவராக இருக்க வேண்டும். பொருளியல் எடு, புவியியல் எடு, ஆசிரியர் நியமனமாவது கிடைக்கும் என்று வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். எனக்கும் அதுதான் நடந்தது. "பேசுவதற்கு ஒரு பட்டமா?" என்று என் மாமா முகத்துக்கு நேரே கேட்டார். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை.

நான் படுவான்கரைப் பெண். வாவிக்கு மேற்கே, வயலும் குளமுமான ஊர். அம்மா நான்காம் வகுப்போடு நின்றவர். இரண்டாம் வருடத்தில் புத்தாக்கப் பரவல் கோட்பாட்டைப் படித்தோம். அமெரிக்கரான எவரெட் ரொஜர்ஸ் 1962இல் முன்வைத்தது. புதிதாக ஒன்று வரும்போது அதை ஏற்கும் வேகத்தை வைத்து மக்களை ஐந்து பிரிவாக்குகிறார். முதலில் துணிபவர்கள் 2.5 சதவீதம், கடைசியில் நிற்பவர்கள் 16 சதவீதம். அந்தக் கடைசிப் பிரிவுக்கு எங்கள் குறிப்பில் "பின்தங்கியோர்" என்று எழுதியிருந்தது. சிலர் சிரித்துக்கொண்டே எழுதினார்கள். வெள்ளம் வடிந்த பின் கிணற்றுக்குக் குளோரின் போட வந்தவரை அம்மா வாசலிலேயே திருப்பி அனுப்பியது என் நினைவுக்கு வந்தது. அந்த 16 சதவீதத்துக்குள் என் அம்மாவை வைத்து எழுத எனக்குக் கை வரவில்லை.

மூன்றாம் வருடக் களப்பணிக்கு எங்கள் குழுவில் ஆறு பேர். மாரி வெள்ளம் வடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. எங்களுக்குக் கிடைத்த தலைப்பு, பாதுகாப்பான குடிநீர். அழகான சுவரொட்டி ஒன்று செய்தோம். "குளோரின் இட்ட நீரையே பருகுவோம், நோய்களைத் தவிர்ப்போம்." கோயில் மதிலிலும் கடைச் சுவரிலும் ஒட்டினோம். மறுநாள் நாங்களாகவே போய்ப் பார்த்தால், கிணறுகள் கிடக்க, பெண்கள் குடத்தோடு வாய்க்கால் ஓரத்துப் பூவலுக்கு, அதாவது தண்ணீருக்காகத் தோண்டிய ஆழமில்லாத குழிக்கு, போய்க்கொண்டிருந்தார்கள். குளோரின் போட்ட கிணற்றைவிட அந்தப் பூவல் எவ்வளவோ ஆபத்தானது.

ஒரு பெரியம்மாவோடு நானும் நடந்தேன். அன்று நான் எதையும் விளக்கவில்லை, அவருடைய குடத்தை வாங்கித் தூக்கிக்கொண்டு சும்மாதான் போனேன். பாதி வழியில் அவரே கேட்டார்.

"மகள், அந்த மருந்து வாசம் எத்தனை நாளைக்கு நிற்கும்?"

எனக்குத் தெரியாது. குழுவில் ஒருவருக்கும் தெரியாது. சுவரொட்டியில் நோயின் பெயர்கள் இருந்தன, இலச்சினை இருந்தது, எங்கள் பெயர்களும் இருந்தன. அவருக்குத் தேவைப்பட்ட அந்த ஒரு விடயம் மட்டும் இல்லை.

பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஓடினோம். அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்: போட்டு ஒரு நாள் பொறுத்திருங்கள், அள்ளிய நீரைத் திறந்த பாத்திரத்தில் வைத்தால் வாசம் குறையும், கொதிக்க வைத்துக் குடித்தால் இன்னும் நல்லது. இதை நாங்கள் பெரியம்மாவிடம் சொன்னோம். பெரியம்மா தன் ஒழுங்கையில் சொன்னார். பூசகர் ஐயாவிடம் கேட்டு, மாலைப் பூசைக்கு முன் கோயில் ஒலிபெருக்கியிலும் சொன்னோம். பத்து நாள் கழித்து எங்கள் கைக்காசில் மீண்டும் போனோம். அந்த ஒழுங்கையில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் கிணற்றுக்குத் திரும்பியிருந்தன. அந்தப் பெண்களில் ஒருவரைக்கூடப் பின்தங்கியவர் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்க ஆள் இல்லாத ஒரு கேள்வி அவர்களிடம் இருந்தது, அவ்வளவுதான். என் அம்மாவிடமும் அதே கேள்விதான் இருந்திருக்கும்.

நடந்ததை நடந்தபடி அறிக்கையில் எழுதினோம். முதல் சுவரொட்டி பயன்படவில்லை என்றும் எழுதினோம். "நோக்கம் நிறைவேறவில்லை" என்று சொல்லிக் குறைந்த புள்ளி போட்டார்கள். பதாகை கட்டி, அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு அன்றே திரும்பிய குழுவுக்கு எங்களைவிடக் கூடுதல் புள்ளி. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அது எனக்கு ஆறவில்லை.

விரிவுரையாளர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நல்ல விரிவுரைகளும் கேட்டிருக்கிறேன். 2004 சுனாமிக்குப் பின் கரையோரக் கிணறுகளின் உப்பைப் போக்க மக்கள் இறைத்துக்கொண்டே இருந்ததையும், அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உப்புநீர் மேலேறும் என்பதை அவர்களுக்கு உரிய நேரத்தில் சொல்லாததையும் ஒருவர் ஒரு மணி நேரம் விளக்கினார். அன்று வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. இந்தத் துறைக்கு 1971இல் பெயரிட்டவர் பிலிப்பைன்ஸ் பேராசிரியை நோரா கெப்ரல் என்பதையும், நம் நாட்டிலேயே 1981இல் மகாவலி சமுதாய வானொலி தொடங்கியதையும், அதன் குழுவினர் கிராமங்களில் சில நாள் தங்கி மக்களின் பேச்சையே ஒலிப்பதிவு செய்ததையும் அவரிடம்தான் அறிந்தேன். அப்படித் தங்கிச் செய்தவர்களைப் பற்றிப் படித்துவிட்டு எங்களை ஒரே நாள் களப்பணிக்கு அனுப்பியதுதான் எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. வானொலி நாடக ஒப்படையில் எங்கள் ஊர்ப் பாட்டி பாத்திரம் "மறுகா வா" என்று சொல்லும். அதைச் சிவப்பு மையால் வெட்டி "பிறகு வா" என்று திருத்தித் தந்தார்கள். கொஞ்சம் என்பதற்கு நாங்கள் சொல்லும் "ஒள்ளுப்பம்" என்ற சொல்லுக்கும் அதே கதிதான். மட்டக்களப்புப் பாட்டி மட்டக்களப்புத் தமிழ் பேசக் கூடாதாம். பொது வாசகருக்கு எழுதும்போது எழுத்துத் தமிழ் வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன், இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் அது படுவான்கரைக்கு என்று எழுதிய நாடகம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் கடைசி பஸ் மாலை ஐந்தரைக்கு. விரிவுரை நான்கு முதல் ஆறு வரை. 80 சதவீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. விடுதியில் இடமும் இல்லை. இரண்டு வருடம் உறவினர் வீட்டுக் கூடத்தில் படுத்தேன். நேரத்தை மாற்றும்படி மூன்று முறை கடிதம் கொடுத்தோம், பதில் வரவில்லை. தொடர்பாடல் கற்பிக்கும் இடத்தில் ஒரு கடிதத்துக்குப் பதில் எழுத ஆள் இருக்கவில்லை.

வேலை பற்றியும் கேட்பீர்கள். பட்டம் முடித்து நெடுநாள் வீட்டில் இருந்தேன். இப்போது ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். பொருளியல் படித்த தோழிக்கும் இதே வேலை, இதே சம்பளம். ஆகவே வேலைக்காக இந்தப் பாடம் வேண்டாம் என்று வீட்டில் சொல்வதில் பொருளில்லை.

படிவம் நிரப்பும் முன் மூன்றாம் வருட மாணவி ஒருவரைத் தேடிப்பிடித்து இரண்டு விடயம் கேளுங்கள்: களப்பணி எத்தனை நாள், அதே ஊருக்கு இரண்டாம் முறை அழைத்துப் போகிறார்களா? ஒரே நாள்தான் என்றாலும் எடுங்கள். பஸ் காசைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இரண்டாம் முறை நீங்களாகவே போய் வாருங்கள்.