வாக்காளர் படிவத்தில் எந்தக் கட்சியைக் குறிப்பது?

கேள்வி: சமீபத்தில்தான் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. ஃபிலடெல்ஃபியாவில் வசிக்கிறேன். வாக்காளராகப் பதிவு செய்யப்போனால், படிவத்தில் எந்தக் கட்சி என்று கேட்கிறார்கள். ஒரு கட்சியைக் குறித்தால் அதற்குத்தான் ஓட்டுப் போட வேண்டுமா? இது மற்றவர்களுக்குத் தெரியுமா? உண்மையில் குடியரசுக் கட்சி (ரிபப்ளிகன்), ஜனநாயகக் கட்சி (டெமாக்ரட்) என்ற இந்த இரண்டு கட்சிகளுக்கும் என்னதான் வித்தியாசம்?
(ஒரு வாசகர்)

பதில்: பயப்பட ஒன்றுமில்லை. அந்தக் கட்டத்தை நிரப்புவதால் உங்களுக்குச் சந்தா கிடையாது, கூட்டத்துக்கு வா என்று யாரும் கட்டாயப்படுத்தப்போவதும் இல்லை. நவம்பரில் நடக்கும் பொதுத்தேர்தலில் யாருக்கு வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாம். ஆளுநருக்கு ஒரு கட்சி, செனட்டருக்கு வேறு கட்சி என்று கலந்தும் போடலாம்.

அந்தக் கட்டத்துக்கு இருக்கும் முக்கியமான வேலை பிரைமரி தொடர்பானது. இங்கே வேட்பாளர் யார் என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்வதில்லை; வாக்காளர்களே ஒரு முன்தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். பென்சில்வேனியாவில் ஒரு கட்சியின் பிரைமரியில் அந்தக் கட்சியின் பெயரில் பதிந்தவர்கள் மட்டுமே ஓட்டுப் போட முடியும். 'கட்சி சார்பு இல்லை' என்று குறித்தால் வேட்பாளர் தேர்வில் உங்களுக்கு இடமில்லை.

அது பெரிய இழப்பா என்பது நீங்கள் வசிக்கும் ஊரைப் பொறுத்தது. ஃபிலடெல்ஃபியாவில் 1952க்குப் பிறகு குடியரசுக் கட்சி மேயர் ஒருவர்கூட வந்ததில்லை. 2023இல் செரெல் பார்க்கர் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஓட்டோடு வென்றார். நவம்பர் தேர்தல் வெறும் சடங்குதான். மேயர் யார் என்பது மே மாதமே முடிந்துவிட்டது. மாநிலத்தின் நடுப்பகுதிக் கிராமங்களில் இதே கதை குடியரசுக் கட்சிப் பக்கம் நடக்கிறது. ஆனால் மாநிலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் நூலிழைதான்: அதிபர் தேர்தலில் 2016இல் டிரம்ப் சுமார் 44,000 ஓட்டிலும், 2020இல் பைடன் சுமார் 80,000 ஓட்டிலும் இங்கே ஜெயித்தார்கள்.

சரி, வித்தியாசத்துக்கு வருவோம். சுருக்கமாகச் சொன்னால், மத்திய அரசு எவ்வளவு செய்ய வேண்டும் என்பதில்தான் பழைய சண்டை. வரியைக் குறைத்து, கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, முடிந்ததை மாநிலங்களிடம் விட்டால் பொருளாதாரம் தானே வளரும் என்பது குடியரசுக் கட்சியின் நிலை. சந்தையால் எல்லோரையும் காப்பாற்ற முடியாது, மருத்துவக் காப்பீடு, குறைந்தபட்சக் கூலி, சுற்றுச்சூழல் போன்றவற்றில் அரசு இறங்கத்தான் வேண்டும் என்பது ஜனநாயகக் கட்சியின் நிலை. ஒபாமாவின் 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்குக் குடியரசுக் கட்சியிலிருந்து இறுதியில் ஒரு ஓட்டும் விழவில்லை. நிறுவன வரியை 35 சதவீதத்திலிருந்து 21 ஆகக் குறைத்த 2017 சட்டத்துக்கு ஜனநாயகக் கட்சியிலிருந்து ஒரு ஓட்டும் விழவில்லை. கருக்கலைப்பு, துப்பாக்கி உரிமை, பருவநிலை என்று மற்ற சண்டைகளிலும் கோடு ஏறக்குறைய இதே இடத்தில்தான். கருக்கலைப்பை நாடு முழுவதும் உரிமையாக்கியிருந்த 'ரோ' தீர்ப்பை 2022இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகு, கருக்கலைப்பு விஷயம் பெரும்பாலும் மாநிலச் சட்டமன்றங்களின் கைக்குப் போய்விட்டது. அதனால் உள்ளூர்த் தேர்தலை அலட்சியப்படுத்தாதீர்கள்.

ஆனால் இந்தக் கோடுகள் நகராதவை என்று நினைத்துவிட வேண்டாம். அடிமை முறை பரவுவதை எதிர்த்து 1854இல் பிறந்தது குடியரசுக் கட்சி. லிங்கன் அந்தக் கட்சிக்காரர். தெற்கின் வெள்ளையர்கள் அப்போது ஜனநாயகக் கட்சியின் கோட்டை. இனப் பாகுபாட்டைத் தடை செய்த 1964இன் குடிமை உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஜனநாயகக் கட்சியின் லிண்டன் ஜான்சன். ஆனால் செனட்டில் குடியரசுக் கட்சியினர் 33 பேரில் 27 பேர் ஆதரித்தார்கள், ஜனநாயகக் கட்சியில் 67இல் 46 பேர்தான். அதன் பிறகு தெற்கு மெல்ல மெல்லக் கட்சி மாறியது. சமீபத்திய உதாரணம் வணிகம்: தடையற்ற வணிகத்தைப் பல பத்தாண்டுகள் தூக்கிப்பிடித்த குடியரசுக் கட்சி, டிரம்ப் வந்ததும் இறக்குமதி வரிக் கட்சியாகிவிட்டது. குடியரசுக் கட்சிக்குச் சிவப்பு, ஜனநாயகக் கட்சிக்கு நீலம் என்ற நிற அடையாளம்கூட 2000ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகுதான் நிலைத்தது.

குடியேற்றம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் நம்மவர்கள் அடுத்து கேட்பது அதுதான். ஜனநாயகக் கட்சி குடியேறிகள் பக்கம், குடியரசுக் கட்சி எதிர்ப்பக்கம் என்று பொதுவாகச் சொல்வார்கள். எல்லைப் பாதுகாப்பு, ஆவணமில்லாதவர்கள் என்றால் அது பெருமளவு சரி. எச்1பி (வேலை விசா), கிரீன் கார்டு (நிரந்தர வசிப்புரிமை) என்று வந்தால் குழம்பிவிடும். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற கிரீன் கார்டு வரம்பைப் பாருங்கள். வேலைவழி விசாக்களுக்கு அதை நீக்கும் மசோதா 2019இல் கீழவையில் 365க்கு 65 என்று நிறைவேறியது. செனட்டில் அதைக் கொண்டுவந்தவர்கள் குடியரசுக் கட்சியின் மைக் லீயும் ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸும். முட்டுக்கட்டை போட்டவர்களில் குடியரசுக் கட்சியின் ராண்ட் பாலும் உண்டு, ஜனநாயகக் கட்சியின் டிக் டர்பினும் உண்டு. 2020 டிசம்பரில் செனட் திருத்தங்களோடு ஒரு வடிவத்தை நிறைவேற்றியும், இரண்டு அவைகளும் ஒத்துப்போகாமல் அது காலாவதியானது. நிர்வாக உத்தரவுகளில் மட்டும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்: எச்1பி ஊழியர்களோடு எச்4 விசாவில் வரும் வாழ்க்கைத்துணைகளில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கொடுத்தது 2015இல் ஒபாமா அரசு, புதிய எச்1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவித்தது 2025இல் டிரம்ப் அரசு.

கட்சியைப் பார்ப்பதோடு வேட்பாளரையும் தனியாகப் பாருங்கள் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தியாவில் இருப்பதுபோல் கட்சித் தாவல் தடைச் சட்டம் இங்கே இல்லை. கட்சிக்கு எதிராக வாக்களித்தாலும் பதவி பறிபோகாது. 2017 ஜூலையில் ஒபாமா காப்பீட்டுச் சட்டத்தைச் சுருட்டிக் கட்டும் முயற்சி, ஜான் மெக்கெய்ன், சூசன் காலின்ஸ், லிசா முர்கவ்ஸ்கி என்ற மூன்று குடியரசுக் கட்சி செனட்டர்களால் 49க்கு 51 என்று தோற்றது.

மற்றவர்களுக்குத் தெரியுமா என்ற இரண்டாவது கேள்விக்கு: ஆம், தெரியும். எந்தக் கட்சியில் பதிந்தீர்கள், எந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டீர்கள் என்பது பென்சில்வேனியாவில் பொது ஆவணம். யாருக்குப் போட்டீர்கள் என்பது மட்டும் ரகசியம். கட்சியைக் குறித்தபின் தேர்தல் காலத்தில் போனில் குறுஞ்செய்தி வந்து குவியும், அதற்குத் தயாராக இருங்கள்.

என் ஆலோசனை: உங்கள் நகரத்தில் எந்தப் பிரைமரியில் உண்மையான போட்டி இருக்கிறதோ, அதில் ஓட்டுப் போட வழி செய்யும் பதிவைத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது அதிபர் தேர்தலுக்கு எந்தக் கட்சியின் வேட்பாளர் தேர்வு உங்களுக்கு முக்கியமோ அதை. எதுவும் மனதுக்கு ஒட்டவில்லை என்றால் சார்பில்லை என்றே விட்டுவிடுங்கள். நவம்பர் ஓட்டு எங்கும் போகாது. பின்னால் மனம் மாறினால் அதே படிவத்தை மறுபடி நிரப்பினால் போதும், பிரைமரிக்கு 15 நாள் முன்பு வரை மாற்றலாம். டெக்சாஸுக்குக் குடிபோனால் இந்தக் கட்டமே இருக்காது, அங்கே கட்சிவாரிப் பதிவு கிடையாது. பதிவு முடிந்ததும் மாநில இணையதளத்தில் உங்கள் பெயரைத் தேடி, கட்சி சரியாக ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.