கிளட்ச் பெடல் அடியில் போகிறதா? பழைய பிக்கப் கேள்வி-பதில்

கேள்வி: 1990களில் வந்த டொயோட்டா ஹைலக்ஸ். முதல் கியரும் ரிவர்ஸும் கரகரத்துத்தான் விழுகின்றன. கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் பிளேட் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பொறுங்கள். முதலில் ஓர் இரும்பு ஸ்கேலோடு வண்டிக்கு அடியில் போங்கள். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும்; அந்த ஆயில் ஸ்லேவ் சிலிண்டரின் ராடைத் தள்ளி கிளட்சை விடுவிக்கும். ஹைலக்ஸில் இந்த ஸ்லேவ், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்கு வெளியே இருப்பது நம் அதிர்ஷ்டம். என்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகு ஒருவர் பெடலை முழுக்க மிதிக்கட்டும். ஸ்லேவ் ராடு எவ்வளவு நகர்கிறது என்று அளந்து பாருங்கள். ஏறக்குறைய 12 மி.மீ. நகர்ந்தும் கியர் கரகரத்தால் கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ராடு தள்ளும் ஃபோர்க் பக்கம் சந்தேகப்படலாம். 6, 7 மி.மீ.யோடு நின்றுவிட்டால் கோளாறு மாஸ்டர், ஸ்லேவ், ஹோஸ் அடங்கிய ஹைட்ராலிக்கில்தான். புது பிளேட் போட்டாலும் கியர் அப்படியேதான் கரகரக்கும்.

பெடலை மிதித்தபடியே அரை நிமிடம் பிடித்துப் பார்ப்பது அடுத்த சோதனை. ராடு மெல்லப் பின்வாங்கினால் ஏதோ ஒரு ரப்பர் சீல் விடுகிறது. ஸ்லேவின் ரப்பர் பூட்டை விலக்குங்கள். உள்ளே ஈரம் என்றால் ஸ்லேவ். பெடலுக்குப் பின்னால், மாஸ்டரின் புஷ் ராடு (பெடல் தள்ளும் கம்பி) வரும் இடத்தில் கார்பெட் நனைந்திருந்தால் மாஸ்டர். ஹோஸ், பைப் உட்பட எங்கும் ஈரமே இல்லை, ஆனாலும் பெடல் இறங்குகிறது என்றால், மாஸ்டரின் முன் சீலைத் தாண்டி ஆயில் திரும்ப மாஸ்டரின் ஆயில் டப்பாவுக்கே போகிறது. இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள், ஆயில் அளவு குறையவே குறையாதே!

இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்ததும் கியர் சுலபமாக விழுந்தால் காற்றுப் பிடித்திருக்கிறது, அல்லது புஷ் ராடு ப்ளே (தள்ளத் தொடங்கும் முன் இருக்கும் தளர்வு) அதிகம். பெடல் நுனியில் புஷ் ராடு ப்ளே 1 முதல் 5 மி.மீ. போதும்.

கேள்வி: எத்தனை முறை காற்று எடுத்தாலும் பெடல் பஞ்சு மாதிரியே இருக்கிறது.

மிதித்து மிதித்து எடுப்பதை நிறுத்துங்கள். ஸ்லேவில் காற்று எடுக்கும் திருகான பிளீடர் நிப்பிளில் தெளிவான ட்யூப் மாட்டி, சிரிஞ்சால் கீழிருந்து மேலாக ஆயிலை மெதுவாகத் தள்ளுங்கள். காற்று மேலே போவதுதான் இயல்பு. டப்பா வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிரேக் ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும். புது மாஸ்டர் என்றால் வண்டியில் பூட்டும் முன்பே வைஸில் பிடித்து, ஆயில் போகும் வாய் மேலே இருக்கும்படி சாய்த்துக் காற்றை எடுத்துவிடுங்கள். மிதிக்கும்போது பழைய ரப்பர் ஹோஸ் உப்பினாலும் பெடல் பஞ்சாகத்தான் இருக்கும்.

கேள்வி: சூடேறியதும் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. ஆறியதும் சரியாகிவிடுகிறது.

ஸ்லிப் ஆகும் நேரத்திலேயே வண்டியை ஓரங்கட்டி, பிளீடரைக் கால் சுற்று திறங்கள். ஆயில் பீச்சியடித்து, கிளட்ச் உடனே பிடித்தால் பிரஷர் உள்ளே சிக்கியிருந்தது என்று அர்த்தம். புஷ் ராடு ப்ளே துளியும் இல்லாமல் மாஸ்டர் பிஸ்டன் முழுக்கத் திரும்பாதது முதல் காரணம்; அப்போது டப்பாவுக்குத் திரும்பும் சிறு துளை மூடியே கிடக்கும். உள்ளே உரிந்துபோன ஹோஸ் இரண்டாவது காரணம். பிளீடரைத் திறந்தும் மாற்றம் இல்லையென்றால் பிளேட் தேய்ந்திருக்கலாம், அல்லது அதில் ஆயில் பட்டிருக்கலாம்.

கேள்வி: 1990களின் ஃபோர்டு எஃப்-150. ஸ்லேவ் வெளியே தெரியவே இல்லை.

தெரியாது. கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டைச் சுற்றி, கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து உள்ளே உட்கார்ந்திருக்கிறது. பெல் ஹவுசிங்குக்கு அடியில் ஈரம் கசிந்தால் விரலில் தொட்டுத் தண்ணீரில் கழுவுங்கள்: சுலபமாகப் போனால் பிரேக் ஆயில், பிசுபிசுப்பு நின்றால் என்ஜின் ஆயிலோ கியர் ஆயிலோ. கியர்பாக்ஸை இறக்காமல் இந்த ஸ்லேவை மாற்ற முடியாது; இறக்கும்போது கிளட்ச் செட்டையும் சேர்த்தே மாற்றுங்கள், கூலி ஒன்றுதான். ஆனால் அதற்கு முன் ஒருவரை மிதிக்கச் சொல்லி, பானட்டைத் திறந்து மாஸ்டரைப் பாருங்கள். இந்த வண்டிகளில் என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வால் தகடு விரிசல் விட்டு, மாஸ்டரோடு சேர்ந்து முன்னால் வளையும். மிதியில் பாதி அங்கேயே வீணாகிவிடும்.

கேள்வி: அவசரத்துக்கு பவர் ஸ்டீயரிங் ஆயில் ஊற்றலாமா?

கூடாது. மினரல் ஆயில் பட்டால் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். மாஸ்டர் டப்பாவின் மூடியில் எழுதியிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில் மட்டும், அதுவும் சீல் உடைக்காத டப்பாவிலிருந்து. ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்கள் என்றால் கழுவி மட்டும் பயனில்லை. மாஸ்டர், ஸ்லேவ், ஹோஸ் மூன்றையும் மாற்ற வேண்டும்.