டெசிமல் இருந்தும் சதம் ஏன் பிழையாகிறது? – வாசகர் கேள்விகள்

கிளிநொச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் சேமிப்புக் கணக்குகளைப் பார்க்கிறேன். ஆண்டு வட்டி 12 வீதம். எஸ்.கியூ.எல். சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில் அதை மாத வட்டியாக்கி ஏற்றினால், ஆண்டு முடிவில் ஒரு இலட்சத்துக்கு 12,682 ரூபாய் 50 சதம் காட்டுகிறது. எல்லா எண்களும் டெசிமல்தான், அதாவது தசம இலக்கங்களை அப்படியே வைத்திருக்கும் வகை. 12,000 அல்லவா வரவேண்டும்?

12,000தான் வரவேண்டும். பன்னிரண்டு முறை பெருக்கினால் 1.12 ஆகவேண்டிய மாதக் காரணி ஏறத்தாழ 1.009488793. அதற்காக 1.12இன் பன்னிரண்டில் ஒரு பங்கு அடுக்கை அடுக்கைக் கணிக்கும் ‘பவர்’ சார்பிடம் கேட்டிருப்பீர்கள். எஸ்.கியூ.எல். சர்வரில் அந்தச் சார்பு, முதலில் கொடுத்த எண்ணுக்கு எத்தனை தசம இடங்களோ அத்தனையை மட்டுமே விடைக்கும் வைக்கும். 1.12க்கு இரண்டு இடம். ஆகவே விடை 1.01. மாதம் முழுதாக ஒரு வீதம் ஏறிவிட்டது. மேலதிக 682 ரூபாய் 50 சதமும் அங்கே பிறந்ததுதான்.

1.12ஐ மட்டும் பூச்சியங்கள் சேர்த்து நீட்டிக் கொடுத்தாலும் தீராது. 1.0/12 என்று எழுதினால் அது 0.083333 என ஆறு இடத்தோடு நின்றுவிடும். இலட்சத்துக்கு 5 சதம் குறையும். சேமிப்பாளரின் பாஸ் புத்தகத்தில் அந்த 5 சதமும் பிழைதான். இரண்டு எண்களையும் ‘ஃப்ளோட்’ என்ற தோராய எண் வகைக்கு மாற்றிக் காரணியை எடுங்கள். பிறகு அதைப் பன்னிரண்டு தசம இடமுள்ள டெசிமலில் சேமியுங்கள். கணக்கில் பதியும்போது மட்டும் சதத்துக்கு மட்டந்தட்டுங்கள்.

அதே கணக்கை போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் செய்தேன். வட்டியே ஏறவில்லை. – முல்லைத்தீவு வாசகர்

1/12 என்று எழுதியிருப்பீர்கள். இரண்டும் முழு எண்கள் என்பதால் விடை 0. எந்த எண்ணையும் 0 அடுக்குக்கு உயர்த்தினால் 1தானே. 1.0/12 என்று எழுதுங்கள். போஸ்ட்கிரெஸில் அது போதும்.

டெசிமல் துல்லியமான வகை என்றால் வர்க்கமூலமும் துல்லியமாக வருமா? – வவுனியா மாணவி

வராது. கூட்டல், கழித்தல், பெருக்கல் வரைதான் அந்த உறுதி. 2இன் வர்க்கமூலத்துக்கு முடிவே இல்லை. எங்கேயாவது வெட்டத்தான் வேண்டும். எங்கே வெட்டுவது என்பதை ஒவ்வொரு மென்பொருளும் தன் விருப்பப்படி முடிவு செய்கிறது. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் டெசிமலை ‘டபிள்’ என்ற தோராய வகையாக மாற்றியே வர்க்கமூலம் எடுக்கும். போஸ்ட்கிரெஸ் ‘நியூமெரிக்’ (டெசிமலின் மறுபெயர்) வகையிலேயே நின்று 1.414213562373095 என்று தரும். கூடுதல் இலக்கம் வேண்டுமானால் 2க்குப் பின் புள்ளி வைத்து முப்பது பூச்சியம் போட்டுக் கொடுத்துப் பாருங்கள், விடையும் முப்பது தசம இடத்துக்கு நீளும். ஆனால் நூறு மீற்றர் சதுர வயலின் மூலைவிட்டத்தை அளக்க 141.42 மீற்றர் போதும்.

நெல் நிறையை மட்டந்தட்டும்போது ஒரு அட்டவணையில் 2.5 கிலோ 3 ஆகிறது, மற்றதில் 2 ஆகிறது. இரண்டும் போஸ்ட்கிரெஸ்தான். – மாங்குளம் வாசகர்

முதல் அட்டவணையில் ‘நியூமெரிக்’, மற்றதில் ‘டபிள்’. நியூமெரிக் சரிபாதியைப் பூச்சியத்திலிருந்து விலகிய பக்கம் தள்ளும். டபிள் பெரும்பாலான கணினிகளில் அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குத் தள்ளும். அரைக் கிலோவும் விவசாயியின் உழைப்பு. இரண்டு அட்டவணைகளிலும் நிறை நிரலை நியூமெரிக் ஆக்கிவிடுங்கள்.