காரணம் தெரியாத மதமதப்பு, படபடப்பு: டாக்டரிடம் போகலாமா, பொறுத்துப் பார்க்கலாமா?

கேள்வி: சில வாரங்களாக விரல் நுனிகளிலும் பாதத்திலும் மதமதப்பு, அவ்வப்போது படபடப்பு, தூங்கி எழுந்தாலும் போகாத சோர்வு. இணையத்தில் தேடினால் பெரிய பெரிய நோய்களாக வருகிறது. இது உண்மையான நோயா, மனப்பிரமையா என்று தெரியவில்லை. டாக்டரிடம் போனால் ‘ஒன்றுமில்லை’ என்று சிரித்துவிடுவாரோ என்று கூச்சம். ஏதாவது இருக்கிறது என்று சொல்லிவிட்டால் என்ற பயம் வேறு. போகலாமா, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா?

பதில்:

போங்கள். நேரம் வாங்கிக்கொண்டு இந்த வாரமோ அடுத்த வாரமோ போனால் போதும், அடித்துப் பிடித்து ஓட வேண்டாம். நான் டாக்டர் இல்லை. ஏறக்குறைய இதே பட்டியலை வைத்துக்கொண்டு சில மாதங்கள் தூக்கம் கெட்டவன், அவ்வளவுதான்.

ஓட வேண்டாம் என்பதற்கு விலக்குகள் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் பாரம் ஏற்றி அழுத்துவது போன்ற வலி, அது கைக்கோ தாடைக்கோ பரவுவது, கூடவே வியர்வையும் மூச்சுத் திணறலும்; முகத்தின் ஒரு பக்கம் திடீரென்று கோணுவது, ஒரு கையைத் தூக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது; இதுவரை வந்தே இராத அளவுக்குச் சட்டென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி; படபடப்போடு மயங்கி விழுவது. இவற்றில் எது வந்தாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுதான். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு வரும் பக்கவாதத்தில், அடைப்பைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக 4.5 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். ‘விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்பதற்கு அங்கே இடமே இல்லை. பலருக்குத் தெரியாத இன்னொன்று: மரத்துப்போவது தொடைகளுக்கு நடுவிலும் உட்காரும் இடத்திலும் வந்து, சிறுநீர் கழிப்பதும் சிக்கலானால் அதுவும் அவசரம்தான்.

நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. சரி, இனி நிதானமாகப் பேசலாம்.

உண்மையா, பிரமையா என்பதை வீட்டிலேயே தீர்த்துக்கொண்டு, உண்மை என்று உறுதியானால் மட்டும் டாக்டரிடம் போகலாம் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. அந்தத் தீர்ப்பைச் சொல்வது நோயாளியின் வேலையே இல்லை. தவிர, இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன? எனக்கு இரண்டும் சேர்ந்தே இருந்தது.

எனக்குப் பாதத்தில் ஆரம்பித்தது. சாக்ஸ் போட்டுக்கொண்டே நடப்பது போல ஒரு மந்தம். அப்புறம் விரல் நுனிகளில் ஊசி குத்தல். சில இரவுகளில் இதயம் தொண்டைக்கு ஏறிவந்து அடிப்பது போலிருக்கும், உதட்டைச் சுற்றி எறும்பு ஊரும். இணையத்தில் தேடித் தேடி நரம்புகளை ஒவ்வொன்றாக அழிக்கும் நோய் ஒன்றில் போய் நின்றேன்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எந்தத் தளமும் என்னிடம் கேட்காத ஒன்றைக் கேட்டார். “வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? எவ்வளவு நாளா?”

நெஞ்செரிச்சலுக்காகப் பல வருடங்களாக ஓமெப்ரசோல் என்ற, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை எடுத்துக்கொண்டிருந்தேன். பல் துலக்குவது மாதிரி அது பழகிப்போயிருந்ததால் மாத்திரைக் கணக்கிலேயே வரவில்லை. உணவில் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வைட்டமின் பி12-ஐப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். அமிலத்தை வருடக்கணக்கில் அடக்கி வைத்தால் சிலருக்கு பி12 உடம்பில் சேருவது குறைகிறது. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினாலும் இது நேரலாம். பி12 குறைந்தால் சோர்வு வரும், கை கால் மதமதக்கும், நாக்கு எரியும், சிலருக்கு நடை தள்ளாடும். கல்லீரலில் சில வருடங்களுக்கான கையிருப்பு இருப்பதால் இதெல்லாம் மெதுமெதுவாகத்தான் தலைகாட்டும், ‘எந்தத் தேதியிலிருந்து?’ என்று கேட்டால் சொல்ல வராது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே நரம்பு பாதிக்கப்படலாம் என்பதும் உண்டு. அதனால் ‘ரத்தம் நன்றாகத்தான் இருக்கிறது’ என்ற ஒரு பழைய அறிக்கையை வைத்து இதைத் தள்ளிவிட முடியாது.

பரிசோதனையில் பி12 குறைவு என்று வந்தது. சர்க்கரை, தைராய்டு, இரும்புச் சத்து மூன்றும் சரியாக இருந்தன.

அப்போது அந்த இரவுப் படபடப்பு? அதற்கு அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, வேகவேகமாக, ஆழமாக மூச்சு விடச் சொன்னார். ஒரு நிமிடம் ஆகியிருக்காது, உதட்டைச் சுற்றி அதே எறும்பு. விரல்களிலும் அதே குத்தல். “பாருங்க, இது நீங்களே வரவழைச்சது. ஆனா பாதத்துல இருக்கே, அது இது இல்ல” என்றார்.

பயத்தில் நாம் அறியாமலே மூச்சு வேகமாகிறது. ரத்தத்தில் கரியமில வாயு தேவைக்கும் கீழே இறங்குகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடி, அதில் கட்டின்றிச் சுற்றும் கால்சியம் குறைகிறது. நரம்புகள் அதிகமாகத் தூண்டப்பட்டு உதடும் விரலும் மதமதக்கின்றன. மதமதப்பு வந்ததும் ‘ஐயோ’ என்று மூச்சு இன்னும் வேகமாகிறது. பயத்தால் வருவது என்றால் பொய் என்று அர்த்தமில்லை; உடம்பில் நிஜமாகவே வேதியியல் மாறித்தான் அது வருகிறது. இது புரிந்த பிறகு ‘மனப்பிரமை’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவதில்லை, அலுப்புதான் வருகிறது.

இணையத் தேடலைப் பற்றி ஒரு வார்த்தை. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ரையன் வைட், எரிக் ஹோர்விட்ஸ் இருவரும் 2009-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சாதாரண அறிகுறியைத் தேட ஆரம்பிப்பவர்கள் எப்படி அரிய, கொடிய நோய்ப் பக்கங்களில் போய் முடிகிறார்கள் என்பதுதான் விஷயம். தலைவலி என்று தேடினால் தூக்கமின்மையும் மூளைக் கட்டியும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். முன்னது எவ்வளவு சகஜம், பின்னது எவ்வளவு அபூர்வம் என்பது அந்தப் பட்டியலில் தெரியாது. உங்கள் வயது, நீங்கள் சாப்பிடும் மாத்திரை, உங்கள் குடும்பத்தில் யாருக்கு என்ன வந்தது என்று எதுவும் அதற்குத் தெரியாது. தேடுவதே கூடாது என்று சொல்ல மாட்டேன், நீங்களும் கேட்கப்போவதில்லை. டாக்டரிடம் என்ன சொல்வது என்று தயாராவதற்குத் தேடுங்கள், நோயின் பெயரைக் கண்டுபிடிப்பதற்கு வேண்டாம்.

அப்படித் தயாராவதில்தான் உங்கள் நேரத்தைப் போட வேண்டும். 1975-ல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வில், வெளிநோயாளியாக வந்த 80 பேரில் 66 பேருக்கு, நோயாளி சொன்ன வரலாற்றை வைத்தே இறுதியில் உறுதியான அதே முடிவுக்கு டாக்டர்கள் வந்திருந்தார்கள். தொட்டுப் பார்ப்பதும் ரத்தம் எடுப்பதும் அதற்கப்புறம்தான். ஆனால் 1984-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு இன்னொரு உண்மையைச் சொல்கிறது: நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடிகளில் டாக்டர் குறுக்கிட்டுவிடுகிறார். ஆகவே முக்கியமானதை முதல் வாக்கியத்திலேயே வைத்துவிடுங்கள். ‘பல நாளாகவே உடம்பு ஒரு மாதிரி இருக்கிறது’ என்று ஆரம்பித்தால் அந்த 18 விநாடி அதிலேயே போய்விடும். ‘ஆறு வாரமாக இரண்டு பாதமும் மதமதப்பாக இருக்கிறது, இப்போது விரலுக்கும் வந்திருக்கிறது’ என்றால் அவருக்கு உடனே பிடி கிடைக்கிறது. ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா என்பது ரொம்ப முக்கியம். எப்போது கூடுகிறது, எதைச் செய்தால் குறைகிறது, தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, முயற்சி செய்யாமலே எடை குறைந்திருக்கிறதா, காய்ச்சல் உண்டா, மலத்தில் ரத்தமோ கறுப்போ தெரிந்ததா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கைபேசியில் எழுதினாலும் சரிதான். ஆனால் எல்லா மாத்திரைகளையும், ‘சும்மா சத்துக்குத்தான்’ என்று போடுவதையும் சேர்த்து, அட்டையோடு எடுத்துப் போய்விடுங்கள்.

உங்கள் பயத்தையும் மறைக்காதீர்கள். ‘இது நரம்பு நோயாக இருக்குமோ என்று பயப்படுகிறேன்’ என்று நேராகச் சொல்லுங்கள். அறிகுறிகளைச் சொன்ன பிறகு சொல்லுங்கள், முன்னால் வேண்டாம். சொல்லாவிட்டால் அவர் அதைப் பற்றிப் பேசவே மாட்டார். வீட்டுக்கு வந்ததும் ‘அதைப் பார்த்தாரா இல்லையா’ என்று மறுபடி ஆரம்பித்துவிடும்.

படபடப்புக்கு ஒரு சின்ன வேலை இருக்கிறது. அது வரும்போது மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஓய்வில் பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு. எண்ணிக்கையைவிட அது எப்படி வருகிறது, போகிறது என்பது டாக்டருக்கு அதிகம் சொல்லும். சுவிட்ச் போட்டது போலச் சட்டென ஆரம்பித்து அதேபோல் சட்டென நிற்கிறதா, மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறதா? சீராக அடிக்கிறதா, தாளம் தப்புகிறதா? வழக்கமான ஈசிஜி சுமார் 10 விநாடி இதயத்துடிப்பைத்தான் பதிவு செய்கிறது. அந்த 10 விநாடியில் உங்களுக்குப் படபடப்பு இல்லையென்றால் அது ‘நார்மல்’ என்றுதான் வரும். அதனால்தான் தேவைப்படுகிறவர்களுக்கு 24 மணி நேரமோ அதற்கு மேலோ உடம்பிலேயே மாட்டிவிடும் ஹோல்டர் கருவியைக் கொடுக்கிறார்கள். ஆனால் ஒரு நாளில் நூறு தடவை நாடி பிடித்துப் பார்க்காதீர்கள். படபடப்பு வந்தால் மட்டும் போதும்.

இன்னொரு ஆசை வரும்: டாக்டர் எதற்கு, நாமே முழு உடல் பரிசோதனை செய்துவிட்டால் என்ன? எனக்கு இதில் கொஞ்சம் கறாரான அபிப்பிராயம் உண்டு. ரத்தப் பரிசோதனைகளின் ‘இயல்பு எல்லை’ பெரும்பாலும், ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி வகுக்கப்படுகிறது. அதாவது நலமாக இருக்கிறவர்களிலேயே இருபதில் ஒருவர் எல்லைக்கு வெளியே வருவார். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத 20 பரிசோதனைகளைச் செய்தால், ஒரு குறையும் இல்லாத ஆளுக்குக்கூடக் குறைந்தது ஒன்றாவது சிவப்பு எழுத்தில் வர 64 சதவீத வாய்ப்பு. ஏற்கெனவே பயந்துபோய் இருக்கிறவர் அந்தச் சிவப்பு எழுத்தைப் பிடித்துக்கொண்டு புதிதாகத் தேட ஆரம்பிப்பார். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தவர் எழுதிக் கொடுக்கும் நான்கு பரிசோதனைகள் எவ்வளவோ மேல்.

‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டால்? சிரிக்க மாட்டார்கள். மதமதப்பும் படபடப்பும் தினம் கேட்கிற புகார்கள் அவர்களுக்கு. அறையை விட்டு எழுவதற்கு முன் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டுவிடுங்கள்: “எவ்வளவு நாள் பார்க்கலாம் டாக்டர்? எது வந்தா உடனே திரும்ப வரணும்?” காலக்கெடு கையில் இருந்தால் அதுவரை தினமும் உடம்பை ஆராய வேண்டியதில்லை. சொன்ன காலம் கடந்தும் குறையவில்லை, அல்லது கூடுகிறது என்றால் திரும்பப் போவதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. மதமதப்பு மேலேறினாலோ, கால் பலம் குறைந்தாலோ கெடு முடியக் காத்திருக்கவும் வேண்டாம்.

எல்லாம் சரி என்று ஒழுங்காகப் பார்த்துச் சொன்ன பிறகும் பயம் விடவில்லை, ஒரு டாக்டர் மாற்றி இன்னொரு டாக்டர் என்று மாதங்கள் ஓடுகின்றன என்றால், அப்போது அந்தப் பயத்துக்கே வைத்தியம் பார்க்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேட்டில், நோய் பற்றிய கவலை ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையை ஆக்கிரமித்தால் அதைத் தனியொரு கோளாறாகவே வகைப்படுத்தியிருக்கிறார்கள். அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்ற பேச்சு முறைக்கு அது நன்றாகவே கட்டுப்படும். ஆனால் உங்களுக்கு இப்போது அந்தப் பேச்சு தேவையில்லை, நீங்கள் இன்னும் முதல் டாக்டரையே பார்க்கவில்லை.

கடைசியாக ஒன்று. போவதற்கு முன்னால் நீங்களாகவே பி12 மாத்திரை போட ஆரம்பித்துவிடாதீர்கள். ரத்தத்தில் அளவு ஏறிவிட்டால் முன்பு குறைவாக இருந்ததா என்று கண்டுபிடிப்பது கடினம். ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாகப் போட்டாலும் சிக்கல்தான்: பி12 குறைவால் வந்த ரத்தசோகை சரியாகிவிடும், நரம்புப் பாதிப்பு பாட்டுக்குத் தொடரும். முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் எடுப்பவராக இருந்தால், ரத்தம் கொடுப்பதற்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தைராய்டு, இதயப் பரிசோதனை முடிவுகளையே அது தவறாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-ல் எச்சரித்திருக்கிறது.